துறையும் தெருநாயும்: பழவேற்காட்டில் மனம் ஆறும் இடங்கள்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்கு மூன்று மாதங்கள் கழித்து, 2005 மார்ச் 30 அன்று, தமிழக அரசு 172ஆம் எண் கொண்ட ஆணையை வெளியிட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீட்டைப் பறிகொடுத்தவர்கள் அந்த எல்லையைத் தாண்டிப் போகச் சம்மதித்தால் 1.50 லட்சம் ரூபாய் மதிப்புள்ள புது வீடு இலவசமாகக் கிடைக்கும். இருந்த இடத்திலேயே இருப்போம் என்பவர்கள் சொந்தச் செலவில் வீட்டைச் செப்பனிட்டுக்கொள்ளலாம். அவர்களுக்கு அரசு உதவி கிடையாது.

இலவச வீடு, அதுவும் அலை எட்டாத தூரத்தில். அப்படியிருந்தும் கடற்கரைக் குப்பங்கள் பலவற்றில் பெரும் தயக்கம் எழுந்தது. கடல் கண்ணில் படாவிட்டால் தொழிலுக்குப் போவது எப்படி, படகையும் வலையையும் யார் பார்த்துக்கொள்வது, நாங்கள் காலி செய்த கரையில் நாளை யார் வந்து உட்காருவார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள். மூன்றாவது கேள்வியின் நியாயத்தை அதன் பின் வந்த ஆண்டுகளே காட்டின. ஆனால் இவை மனுவில் எழுத முடிகிற காரணங்கள். மனுவில் எழுத முடியாதவையும் இருந்திருக்கும். காலையில் வாசலைத் திறந்ததும் எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கூட வரும் நாய், வலை பின்ன உட்காரும் மர நிழல், மீன் கழுவும்போது காலைச் சுற்றும் பூனை, எதிர்வீட்டுத் திண்ணை. ஆட்சியர் அலுவலகத்தில் போய் இவற்றைச் சொன்னால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சத்திலேயே சொல்லாமல் விடப்படுகிற விஷயங்கள். ஒரு மனிதரின் மனம் நிலைகொண்டிருப்பதில் இவற்றுக்கு என்ன பங்கு என்பதைப் பழவேற்காட்டை வைத்து யோசிப்பதே இந்தக் கட்டுரை. கடலோரக் கொள்கைகள் இதை இன்னும் எண்ணத் தொடங்கவில்லை என்பது என் கருத்து.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்குப் பகுதி திருவள்ளூர் மாவட்டத்தில். ஆழம் சராசரியாக ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் நடந்தே போகலாம். தெற்கில் ஆரணியாறும் வடக்கில் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. கடல்நீர் உள்ளே வரும் முக்கிய வழி பழவேற்காட்டு முகத்துவாரம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் அதே நீர் கடலைவிட அதிகமாக உப்புக் கரிக்கும். ஆண்டுக்குள்ளேயே இத்தனை மாறுகிற நீரை நம்பிப் பிழைப்பவர்கள் வேறு எதையாவது மாறாததாக வைத்துக்கொண்டாக வேண்டும். பழவேற்காட்டுக் குப்பங்களின் வாழ்க்கை முறையை இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால் பல விஷயங்கள் விளங்குகின்றன.

அவற்றில் ஒன்று ‘பாடு’ என்ற முறை. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் குறைவு. முகத்துவாரத்தை ஒட்டிய அந்த இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் சண்டைதான். அதனால் எந்த நாளில் யார் எந்த இடத்தில் சுத்துவலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம் வரும். சுற்றிச்சுற்றி எல்லோருக்கும் எல்லா இடமும் வந்து சேரும். பழவேற்காட்டுப் பாடு முறையைப் பற்றி செபாஸ்டியன் மேத்யூ 1991இல் எழுதிய ஆய்வை ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பு வெளியிட்டது. சிறு மீனவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட நீர்ப் பங்கீட்டு முறைக்கு உலக அளவில் எடுத்துக்காட்டப்படும் ஏற்பாடுகளுள் இதுவும் ஒன்று. பட்டினவர் என்ற மீனவச் சாதியின் குப்பங்களில் பிறந்து, ஊர் கூடிச் சேர்த்துக்கொண்ட ஆண்களுக்கே பாட்டில் இடமுண்டு. பெண்களுக்கு இல்லை. ஏரியை நம்பி வாழும் இருளர்களுக்கும் இல்லை. இந்த அநீதியை மறைத்துவிட்டுப் பாட்டைப் புகழ முடியாது.

பாட்டில் இருப்பவருக்கு அது வருமானத்தோடு இன்னொன்றையும் தருகிறது. தான் நிற்க வேண்டிய இடம் எது, நாள் எது என்று அவருக்குத் தெரியும். தன் அப்பா நின்ற தண்ணீரிலேயே தானும் நிற்கிறோம் என்றும் தெரியும். சாரா கூல்தார்ட் என்ற ஆய்வாளர் இதே ஏரியில் களப்பணி செய்து 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மீன்வளம் குறைந்துகொண்டே வரும் நிலையில் சிலர் வேறு வேலைக்கு மாறுவதும் சிலர் ஏரியிலேயே தங்கிவிடுவதும் ஏன் என்பது அவருடைய கேள்வி. பாட்டு உரிமை உள்ளவர்களே ஏரியை விட்டு நகரத் தயங்கினார்கள். சாதி, கௌரவம், தொழிலில் கிடைக்கும் மனநிறைவு எல்லாம் அந்தத் தயக்கத்தில் கலந்திருந்தன. பொருளாதாரக் கண்ணுக்கு இது முடக்கம். அவர்கள் இடத்தில் இருந்து பார்த்தால், எதைக் கைவிட்டால் தன்னையே கைவிட்டதாகும் என்பது ஒருவருக்குத் தெரிந்திருக்கும் நிலை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலில் வல்லத்தையும் வீட்டையும் விற்க மனம் வராமல் மகனோடு முட்டிக்கொள்ளும் குரூஸ் மிக்கேலை வாசித்தவர்களுக்கு இது விளக்கமாகச் சொல்லத் தேவையில்லை.

பழகிய இடத்தை இழப்பது ஒரு துக்கம் என்று சமூக அறிவியல் உரக்கச் சொல்லத் தொடங்கியது அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தை வைத்துத்தான். அங்கே வெஸ்ட் எண்ட் என்ற உழைப்பாளர் குடியிருப்பைக் குடிசைப்பகுதி என்று முத்திரை குத்தி 1950களின் இறுதியில் இடித்தார்கள். வெளியேற்றப்பட்டவர்களைப் பிறகு சந்தித்த உளவியலாளர் மார்க் ஃப்ரைட், 1963இல் வெளியான கட்டுரையில், நெருங்கியவரைச் சாகக் கொடுத்தவர்களிடம் காணும் துக்கத்தின் அடையாளங்கள் இவர்களிடமும் இருப்பதாக எழுதினார். பலருக்கு ஈராண்டு கழித்தும் அது ஆறவில்லை. பழைய தெருவை யார் அதிகம் அறிந்திருந்தார்களோ, யார் அதிகம் நேசித்தார்களோ, அவர்களுக்கே துக்கமும் அதிகம். புது வீடு பழையதைவிட வசதியானதா என்பதை மட்டும் கேட்டால் இந்தத் துக்கம் விளங்காது.

ஃப்ரைட் தெருவைப் பார்த்தார். தெருவில் இருந்த நாயையும் பூனையையும் அவர் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. நம் ஊர்த் தெருவிலிருந்து அவற்றைப் பிரித்துவிட்டுப் பேச முடியாது.

பழவேற்காட்டு மீன் இறங்குதளத்தில் ஏல நேரத்தில் நின்று பார்த்தால் அங்கே மனிதர் கூட்டத்தோடு இன்னொரு கூட்டமும் இருப்பது தெரியும். ஃபைபர் படகுகள் கரையேறும். பிளாஸ்டிக் கூடைகளில் இறாலும் நண்டும் மடவையும் கெளுத்தியும் இறங்கும். ஐஸ்பெட்டிக்காரர்களும் வியாபாரிகளும் சூழ்ந்துகொள்வார்கள். இவர்களின் கால்களுக்கு இடையே நாய்கள். கொஞ்சம் தள்ளி, கவிழ்த்துப்போட்ட படகின் நிழலில், அவசரமே இல்லாத பூனைகள். வலையிலிருந்து கழித்துப்போடும் காசு பெறாத பொடி மீன் அவற்றின் பங்கு. யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை, கொடுக்காமலும் இருப்பதில்லை. இந்த நாய் யாருடையது என்று கேட்டால் ‘இங்கதான் கெடக்கும்’ என்பது போன்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் அதற்கு மணி என்றோ ராஜா என்றோ ஒரு பெயர் இருக்கும். பெயரைச் சொன்னால் அது திரும்பிப் பார்க்கும்.

செல்லப்பிராணிகள் மனிதருக்குத் தரும் ஆறுதலைப் பற்றிய ஆய்வுகள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. அந்த ஆய்வுகளில் முன்னோடி 1980இல் எரிகா ஃப்ரீட்மனும் கூட்டாளிகளும் வெளியிட்டது. மாரடைப்பு உள்ளிட்ட இதய நோயால் மருத்துவமனையில் சேர்ந்து பிழைத்த 92 பேரை ஓராண்டு கவனித்தார்கள். வீட்டில் பிராணி வைத்திருந்த 53 பேரில் 3 பேர் அந்த ஓராண்டுக்குள் இறந்தார்கள். பிராணி இல்லாத 39 பேரில் 11 பேர். நாயோடு நடைபோவதால் வந்த பலனோ என்று நாய் வைத்திருந்தவர்களைக் கழித்துப் பார்த்தபோதும் வேறுபாடு நீடித்தது. செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. அடுத்து வந்த ஆய்வுகள் அத்தனை இணக்கமாக இல்லை; சிலவற்றில் பலன் தென்பட்டது, சிலவற்றில் இல்லை. 2011இல் உளவியலாளர் ஹெரால்ட் ஹெர்சாக் எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்து, பிராணி வளர்ப்பு உடல்நலத்தைக் கூட்டுகிறது என்பது இன்னும் நிறுவப்படாத கருதுகோள்தான் என்று எழுதினார். அந்த எச்சரிக்கை சரியானது. நாய் வளர்த்தால் ஆயுள் கூடும் என்று யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

ஆனால் ஆயுளைப் பற்றிய கேள்வி வேறு, அந்த நேரத்து ஆறுதலைப் பற்றிய கேள்வி வேறு. 2015இல் ஜப்பானின் அசபு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஹோ நாகசாவாவும் குழுவினரும் நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் கூடுவதைக் கண்டார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் இடையே பிணைப்பை வளர்க்கும் ஹார்மோன் அது. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் இது நிகழவில்லை. 2019இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா பெண்ட்ரியும் ஜெய்மி வாண்டக்ரிஃபும் 249 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமானது. பத்து நிமிடம் நாயையோ பூனையையோ தடவிக்கொடுத்தவர்களின் உமிழ்நீரில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. தூர நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கும் படம் மட்டும் பார்த்தவர்களுக்கும் அந்த அளவுக்குக் குறையவில்லை. அந்த விலங்குகள் மாணவர்களுக்குச் சொந்தமானவை அல்ல. தொட்டதில் பலன் இருந்தது. உடைமையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மேலைநாட்டுக் கணக்கெடுப்புப் படிவம், ‘உங்களிடம் செல்லப்பிராணி உண்டா?’ என்று கேட்கும். குப்பத்து மீனவர் ஒருவர் ‘இல்லை’ என்று பதில் சொல்லிவிட்டுப் போவார். அதைச் சொல்லும்போதே அவர் கை பக்கத்தில் படுத்திருக்கும் நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருக்கலாம். நம் கால்நடைக் கணக்கெடுப்பும் வளர்ப்பு நாய், தெருநாய் என்று இரண்டு கட்டங்களைத்தான் வைத்திருக்கிறது. 2019இல் எடுத்த 20ஆவது கணக்கெடுப்பில் நாடெங்கும் சுமார் 1.53 கோடி தெருநாய்கள். இதில் எத்தனை கோடி உறவுகள் அடங்கியிருக்கின்றன என்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. துறையில் கிடக்கும் நாய் ஒரு வீட்டுக்கு உரியதல்ல. ஆனால் அந்த இடத்துக்கு உரியது. அதைத் துறையிலிருந்து பிரித்தால் அது வேறு நாய். நாய்களும் பூனைகளும் இல்லாத துறை வேறு துறை.

நம் பழைய இலக்கணம் இதை வேறு விதமாகக் கண்டிருந்தது. தொல்காப்பியம் ஒரு நிலத்துக்கு உரிய கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, தொழில் ஆகியவற்றோடு விலங்கையும் மரத்தையும் பறவையையும் அதே வரிசையில் வைக்கிறது. நெய்தல் பாடல்களில் தனித்திருக்கும் பெண் நாரையிடமும் நண்டிடமும் பேசுவது கவிஞரின் கற்பனை என்று பள்ளியில் படித்தோம். கடற்கரையில் வாழ்பவர்கள் செய்வது அதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. நற்றிணையின் 172ஆம் பாடலில் ஒரு புன்னை மரம் வருகிறது. சிறுமிகள் விளையாட்டாக மணலில் புதைத்த விதை முளைத்துவிட, அதற்கு நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அது உங்களைவிடச் சிறந்தது, உங்களுக்கு உடன்பிறந்தவள் என்று தாய் சொல்கிறாள். வளர்ந்த பிறகு, அக்காவின் நிழலில் நின்று உன்னோடு பேச வெட்கமாக இருக்கிறது என்று அந்தச் சிறுமிகளில் ஒருத்திக்காகத் தோழி அவள் காதலனிடம் சொல்கிறாள். ஒரு மரம் உறவுமுறைக்குள் வந்துவிடுகிறது. அதன் நிழலில் நிற்பது ஒருவர் முன்னால் நிற்பதாகிவிடுகிறது.

இந்தப் பாடலை நினைக்காமல் சுனாமிக்குப் பிந்தைய குடியிருப்புகளைப் பற்றிய ஆய்வுகளை என்னால் வாசிக்க முடிவதில்லை. ஜெனிஃபர் டைன் பாரென்ஸ்டைன் என்ற மானிடவியலாளர் நாகப்பட்டினம் கடற்கரைக் கிராமங்களில் நடந்த மறுகட்டுமானத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்தார். ஒப்பந்தக்காரர்கள் வேலை தொடங்குமுன் தளத்தைச் சமப்படுத்த வேண்டும் என்று மரங்களை மொத்தமாக வெட்டிச் சாய்த்தார்கள். அதன் பின் வரிசையாகக் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. நிழல் போனது. நிழலில் உட்கார்ந்து வலை பின்னியது, பிள்ளைகளைத் தூளியில் போட்டது, பெண்கள் மதியத்தில் கூடிப் பேசியது எல்லாம் கூடவே போயின. பல ஆண்டுகள் கழித்தும் மக்கள் அந்த மரங்களை நினைவுகூர்ந்து வருந்தினார்கள் என்று அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வீடு கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களின் வரைபடத்தில் மரம் ஓர் இடைஞ்சலாக மட்டுமே இருந்தது.

அதே ஆழிப்பேரலையின்போது புதுச்சேரிக்கு அருகிலுள்ள சின்னக்காலாப்பட்டு மீனவக் கிராமத்தில் நடந்த ஒன்று உலகப் பத்திரிகைகளில் வந்தது. கடல் வருவதைக் கண்ட தாய், இரண்டு சிறு பிள்ளைகளை மட்டுமே தூக்கிக்கொண்டு ஓட முடிந்தது. ஏழு வயது மூத்தவன் பின்னாலேயே ஓடிவருவான் என்று நம்பினாள். அவனோ கரையோரம் இருந்த தங்கள் வீட்டுக்குள் ஓடி ஒளிந்தான். அவர்களின் நாய் அவனைப் பின்தொடர்ந்து போய், சட்டைக் காலரைக் கவ்வி இழுத்தும் முட்டித் தள்ளியும் மேட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. எல்லோரும் நாயின் வீரத்தைப் பேசினார்கள். எனக்கு அந்தச் செய்தியில் வந்த வேறு இரண்டு விவரங்கள் பெரிதாகப் படுகின்றன. ஆபத்து வந்ததும் குழந்தை ஓடியது தனக்குப் பழகிய இடத்துக்கு. அலை வந்துகொண்டிருந்த திசையில் இருந்தாலும் அவனுக்கு அதுவே பாதுகாப்பு. இன்னொன்று, அந்த நாயைக் குட்டியாகக் கொண்டுவந்து கொடுத்த உறவினர் ஈராண்டுக்கு முன் விபத்தில் இறந்துபோயிருந்தார். குடும்பத்தார் அவருடைய பெயரையே நாய்க்கு வைத்திருந்தார்கள். இறந்தவரின் பெயரைத் தினமும் நாலு தடவை கூப்பிட ஒரு வழி. இதைவிடப் பெரிய துக்க ஆற்றுதல் எந்த முகாமில் கிடைத்துவிடும்?

பெண்களின் ஆறுதல் இடங்கள் துறையில் இல்லை. துறையும் வலை பின்னும் கொட்டகையும் ஆண்களுடையவை. மீன் விற்கும் பெண்கள் விடியும் முன் ஏலம் எடுத்து, ஷேர் ஆட்டோவிலும் பேருந்திலும் பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் சென்னைக்கும் போய்த் திரும்புகிறார்கள். அவர்களுக்கு உட்காரக் கிடைக்கும் நேரமே மாலையில், வாசல்படியில். கூடையின் அடியில் மீந்த மீனை ஆய்ந்துகொண்டு பக்கத்து வீட்டுக்காரியோடு பேசும் அந்த அரைமணி நேரத்தில் செதிலுக்கும் தலைக்கும் காத்து நாலு பூனைகள் சூழ்ந்திருக்கும். பேச்சில் பாதி பூனைகளோடுதான். ஊரிலுள்ள இஸ்லாமியப் பெண்கள் பலர் பனையோலைக் கூடை முடைகிறார்கள். வீட்டுத் திண்ணையும் நடையும் அவர்களுக்குத் தொழிற்கூடம். திண்ணையும் வாசலும் இல்லாத அடுக்குமாடிக்கு மாற்றினால் இந்தப் பெண்களுக்குச் சதுர அடியில் கூடலாம். உட்காரும் இடம் போய்விடும்.

இருளர் பெண்களின் நிலை இன்னும் கடினம். படகோ வலையோ இல்லாமல் இடுப்பளவு தண்ணீரில் நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப் பறியில் போடுகிறவர்கள் அவர்கள். எந்த இடத்துச் சேறு கால் வாங்கும், எங்கே இறால் ஒதுங்கும், எங்கே கெளுத்தி முள் குத்தும் என்பது உள்ளங்காலுக்கும் விரலுக்கும் தெரியும். ஏரியை இவர்களைவிட நெருக்கமாக அறிந்தவர் யாருமில்லை. ஆனால் பாட்டு வரிசையில் அவர்கள் பெயர் இல்லை. பலருக்கு வீட்டு மனைப் பட்டாவும் இல்லை. பழகிய இடம் தரும் ஆறுதலைப் பற்றிப் பேசும்போது, அந்த ஆறுதலுக்கு உரிமை யாருக்கு எழுதித் தரப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

நாய்களைப் பற்றி இத்தனை பரிவோடு பேசிவிட்டு வெறிநோயைப் பற்றிப் பேசாமல் விடுவது பொறுப்பாகாது. உலகில் வெறிநோயால் இறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்தியர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கடிபடுவதில் குழந்தைகள் அதிகம். கடிபட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே தடுப்பூசி தொடங்கினால் பிழைத்துக்கொள்ளலாம். நோயின் அறிகுறி வந்த பிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. மருத்துவமனை எட்ட இருக்கும் தீவுக் கிராமத்தில் இது சின்ன விஷயமல்ல. கடற்கரை மணலில் முட்டையிடும் பங்குனி ஆமைகளின் குழிகளை நாய்கள் தோண்டித் தின்பதும் உண்மை. 1980இல் தமிழகப் பகுதியும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி இது. பூநாரைகள் இறங்கும் ஆழமற்ற நீரில் நாய்கள் கூட்டமாகத் துரத்தினால் பறவைகள் தங்காது. தடுப்பூசியும் கருத்தடையும் பொதுநலத்துக்கான செலவு. நாய்மீது அன்பு வைத்திருப்பவர்களே அதை முதலில் கேட்க வேண்டும்.

2023ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளில் ஓர் அம்சம் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்த நாயை எங்கே பிடித்தார்களோ அந்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. 2001 விதிகளிலும் அது இருந்தது. தன் எல்லையை அறிந்த நாய் அங்கே இருந்தால் புது நாய்கள் நுழைவது குறையும் என்பது நடைமுறைக் காரணம். தில்லித் தெருநாய்கள் வழக்கில் 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, சில நாட்களிலேயே அந்த உத்தரவைத் திருத்தியபோது நாடே விவாதித்தது இதைத்தான். 2023 விதிகள் இத்தகைய நாய்களைச் சமுதாய விலங்குகள் என்று குறிப்பிடுகின்றன. தனியுடைமையும் அல்லாத, காட்டுயிரும் அல்லாத ஒரு நிலையைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஓர் உயிர் தனக்குப் பழகிய இடத்தில்தான் ஒழுங்காக வாழும் என்பதைச் சட்டத்தில் எழுத நம்மால் முடிந்திருக்கிறது. அதே தெளிவு குப்பத்து மனிதர்கள் விஷயத்திலும் வர வேண்டும்.

ஏனென்றால் இந்தக் கரையில் இடம்பெயர்வு புதிதல்ல. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அந்த நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்கள் அடிமைகளாக டச்சுக்காரர்களின் பத்தாவியா நகரத்துக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். டச்சு வணிகர்களின் கல்லறைகளைத் தொல்லியல் துறை காத்துவருகிறது. போனவர்களுக்கு இங்கே ஒரு கல்லும் இல்லை. 1969இல் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குத் தேர்வானபோது தீவில் வாழ்ந்தவர்கள் வெளியேறினார்கள். தெற்கே காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது மீனவக் குடும்பங்கள் இடம் மாற்றப்பட்டன. அந்தத் துறைமுகத்தை 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் பல ஆண்டுகளாக எதிர்த்துவருகிறார்கள்.

வெளியேறாமல் இருந்தபடியே ஊரை இழப்பதும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் ஊரைச் சூழ்ந்தபோது, வீட்டைவிட்டு எங்கும் போகாதவர்களுக்கே ஏக்கம் வந்ததைக் கண்ட தத்துவவியலாளர் கிளென் ஆல்பிரெக்ட் 2003இல் அதற்குச் சோலாஸ்டால்ஜியா என்று பெயரிட்டார். முகத்துவாரம் தூர்ந்து, ஆழம் குறைந்து, அப்பா காலத்தில் விழுந்த மீன் விழாமல், பாட்டில் தன் முறை வந்தும் வெறும் வலையோடு திரும்பும் ஒருவர் அதே துறையில்தான் இறங்குகிறார். அதே நாய்தான் எதிரே வருகிறது. ஆனால் போடுவதற்குப் பொடி மீனும் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, படகும் வலையும் கரியாகிப்போன மீனவர்களுக்கு நிவாரணத் தொகை அறிவிக்கப்பட்டது. எண்ணெய் பூசிய கூழைக்கடாக்களைப் பிடித்துக் கழுவ முயன்றார்கள். அந்தக் கழிமுகத்தைப் பார்த்து நிற்கும் மனிதரின் துயரத்துக்கு எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை.

பணத்தால் ஈடுகட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. முதலில் எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். அமெரிக்காவில் 2005 கத்ரீனா புயலின்போது பிராணிகளை விட்டுவிட்டு வர மறுத்துப் பலர் வெள்ளத்திலேயே தங்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டே, பேரிடர்த் திட்டங்களில் வீட்டுப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று அந்த நாடு சட்டம் இயற்றியது. நம் கரையில் அடிக்கடி புயல் வருகிறது. வெளியேறச் சொல்லும் அறிவிப்பைக் கேட்டும் சிலர் ஏன் கிளம்பவில்லை என்று விசாரிக்கும்போது படகு, வலை என்பதோடு ஆடு, நாய் என்றும் ஒரு வரி சேர்த்துக் கேட்டால் பாதுகாப்பு மையங்களை வேறு விதமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

நிலம் எடுப்பதற்கான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்குக் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது. சமூகத் தாக்க மதிப்பீட்டில் எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அதன் நான்காவது பிரிவு அடுக்குகிறது: சாலை, வடிகால், குடிநீர், கால்நடைகள் நீர் அருந்தும் இடம், ஊர்க் குளம், மேய்ச்சல் நிலம், வழிபாட்டிடம், இடுகாடு. இதை எழுதியவர்களுக்கு உழவர் கிராமம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. மாடு தண்ணீர் குடிக்கும் இடம்கூட விட்டுப்போகவில்லை. அதே கவனத்தோடு ஒரு குப்பத்தின் பட்டியலை எழுதினால், படகு ஏற்றும் துறை, பாட்டு நீர், இருளர் பெண்கள் கால் அறிந்த சேற்றுத் திட்டுகள், வலை பின்னும் மரம், மீன் ஆயும் வாசல், ஏலத்தில் கழித்த மீனைத் தின்று அங்கேயே கிடக்கும் உயிர்கள் ஆகியவை அதில் இடம்பெறும். அதிகாரிகள் இந்தப் பட்டியலைத் தனியாக உட்கார்ந்து எழுத முடியாது. ஏல நேரத்தில் துறைக்கும், மாலையில் வாசல்களுக்கும், நீர் வற்றும் நேரத்தில் சேற்றுக்கும் போய், ஆண்களிடமும் பெண்களிடமும் தனித்தனியாகக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.